மதுரையில் வீடு, அறுபது கிலோமீட்டரில் வேலை: எதில் போய்வருவது?

டிரான்ஸ்பர் ஆர்டரோ புது வேலைக்கான கடிதமோ கைக்கு வந்ததும் மதுரைக்காரர்கள் முதலில் போடுவது கிலோமீட்டர் கணக்கு. திண்டுக்கல் 60-க்குக் கொஞ்சம் மேலே, விருதுநகரும் சிவகங்கையும் 50-க்குள், தேனி 75 பக்கம். “தினம் போய்ட்டு வந்துரலாம்” என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். போய்வரலாம்தான். எதில் என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு யோசனை. ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடு, பஸ்ஸே போதும், நாலு பேர் சேர்ந்து கார் வை, பைக்கில் போய்விடு, பேசாமல் அங்கேயே ரூம் எடு.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் காலைப் பயணத்தை மனதில் வைத்தே பார்க்கிறார்கள். நான் சாயங்காலத்தை வைத்துப் பார்க்கச் சொல்வேன். காலையில் கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் எழுந்தால் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பலாம். சாயங்காலம் அப்படி இல்லை. ஐந்தே முக்காலுக்கு பையை எடுக்கும்போதுதான் “அந்த ஸ்டேட்மென்ட் இன்னைக்கே போகணுமாம்” என்று ஒரு குரல் வரும். ஏழரை மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்தால் என்ன வண்டி கிடைக்கும், அது எத்தனை மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடும்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத வழியை, காசு எவ்வளவு மிச்சமானாலும், நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன்.

திசைதான் பாதி முடிவு

மதுரையிலிருந்து எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதே பாதி வழிகளை அடித்துவிடும். திண்டுக்கல்லும் விருதுநகரும் சென்னை – கன்னியாகுமரி மெயின் லைனில் இருக்கின்றன. இரட்டைப் பாதை, மின்மயம், வண்டிகளும் நிறைய. இந்த இரண்டு ஊருக்கும் ரயிலைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் உண்டு.

தேனிப் பக்கம் கதை வேறு. மீட்டர் கேஜை எடுத்துவிட்டுப் பல வருடம் போட்டு வைத்திருந்த பாதையில் 2022 மே மாதம் மதுரை – தேனி ரயில் ஓட ஆரம்பித்தது. 2023 ஜூனில் அது போடி வரை போனது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் போகிற அந்த வண்டி காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்ப்பவருக்கு இது கச்சிதம். தேனியில் குடியிருந்து மதுரையில் வேலை பார்ப்பவருக்கோ இந்த நேரம் உதவாது. அவர் காலையில் மதுரைக்கு வரும் நேரத்தில் வண்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். ஒரே தண்டவாளம், ஒரே ரயில், ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு வேடிக்கை. அதனால் “போடி ரயில் இருக்கே” என்று யாராவது சொன்னால், எந்த ஊரிலிருந்து சொல்கிறார் என்று பாருங்கள்.

சிவகங்கைக்கு வரைபடத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அது மானாமதுரை – காரைக்குடி பாதையில் இருப்பது. மதுரையிலிருந்து போனால் மானாமதுரை போய்த் திரும்ப வேண்டும். யாரும் தினமும் அப்படிப் போவதில்லை. வரிச்சியூர், பூவந்தி வழியாக பஸ்தான். மானாமதுரையோடு வேலை முடிகிறது என்றால் ராமேஸ்வரம் பாசஞ்சர் உண்டு. மேலூருக்கும் நத்தத்துக்கும் ரயில் பாதையே கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் ரயில் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மெட்ரோ வரப்போகிறது, அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. இந்த வருடத்து வேலைக்கு இந்த வருடத்து வண்டியைப் பாருங்கள்.

சீசன் டிக்கெட்: காசில் இதை மிஞ்ச ஆளில்லை

ரயில்வே சீசன் டிக்கெட்டுக்கு ஆகிற செலவை பஸ் செலவோடு ஒப்பிடவே முடியாது. திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் ஒரு வாரம் போய்வருகிற காசில் ரயிலில் மாதம் முழுக்கப் போய்வந்துவிடலாம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான். முடிகிற தேதிக்கு 10 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், செயலியிலேயே எடுக்கலாம், கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு மலிவு என்றால் எல்லோரும் ஏன் ரயிலில் போகவில்லை? மூன்று காரணம், மூன்றும் சாயங்காலத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

முதலாவது, சீசன் டிக்கெட் முன்பதிவில்லாப் பெட்டிக்குத்தான். நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கன்னியாகுமரிப் பக்கமிருந்தோ வருகிற நெடுந்தூர வண்டி. பொதுப் பெட்டி பிளாட்பாரத்தின் இரண்டு கோடியில் வந்து நிற்கும். மதுரையில் ஏறும்போது இடம் கிடைத்தாலும், மாலையில் திண்டுக்கல்லில் ஏறும்போது கழிவறை வாசல் வரை ஆள் உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரம் நிற்பது இருபத்தைந்து வயதில் ஒன்றுமில்லை. ஐம்பது வயதில், முட்டிவலியோடு, அது பெரிய விஷயம். ஸ்லீப்பர் பெட்டியில் ஏறிக்கொண்டு “சீசன் சார்” என்று சொல்வது பழக்கத்தில் இருக்கிறது. டிடிஇ அபராதம் போட்டால் அதற்குப் பதில் பேச முடியாது. சில வண்டிகளில் பகல் தூரத்துக்கு மட்டும் சில ஸ்லீப்பர் பெட்டிகளை முன்பதிவில்லாததாக விடுவார்கள். உங்கள் வண்டியில் அப்படி இருக்கிறதா என்று ஏற்கெனவே போய்வருகிற ஒருவரிடம் கேளுங்கள். அது இருந்தால் பயணத்தின் முகமே மாறிவிடும்.

இரண்டாவது, காலையில் பொருந்துகிற வண்டி மாலையில் பொருந்தாது. வைகை எக்ஸ்பிரஸ் நல்ல உதாரணம். காலையில் மதுரையிலிருந்து கிளம்பி திண்டுக்கல்லைச் சீக்கிரமே தொட்டுவிடும். அதே வண்டி சென்னையிலிருந்து திரும்பி மதுரைக்கு வரும்போது இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும். அது சூப்பர்ஃபாஸ்ட் என்பதால் சீசனோடு கூடுதல் கட்டணமும் உண்டு. ஆக, போக ஒரு வண்டி, வர வேறு வண்டி என்று இரண்டு அட்டவணையைக் கட்டி மேய்க்க வேண்டும்.

மூன்றாவது, தாமதம். நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி வருகிற வண்டி நமக்காக நேரத்தைக் காப்பாற்றாது. இதற்கு சீசன் ஆட்கள் கண்டுபிடித்த மருந்து வாட்ஸ்அப் குழு. “கொடை ரோடு தாண்டிருச்சு”, “சோழவந்தான்ல நிக்குது”, “கடைசிப் பெட்டி காலி, பின்னாடி வாங்க” என்று தகவல் வந்துகொண்டே இருக்கும். செயலி காட்டுவதைவிட அந்தக் குழுவில் வருவதை நம்பலாம். புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை, தன் வண்டியின் குழுவில் நம்பரைச் சேர்க்கச் சொல்வது. அதில் ஏலச்சீட்டு, குலதெய்வக் கோயில் பிரசாதம், பெண்ணுக்கு வரன் எல்லாமும் நடக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரயிலுக்கு இன்னொரு பலம் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. முகூர்த்த நாளும் திங்கள் காலையும் பஸ்ஸைப் படுத்துகிற பாடு ரயிலின் ஓடும் நேரத்தைப் பாதிக்காது. கூட்டம் கூடும், ஆனால் கப்பலூர் டோலில் நிற்காது.

பஸ்: ஏழரை மணிக்கும் கிடைக்கும்

மாலைக் கேள்விக்கு நிச்சயமான பதில் தருவது பஸ்தான். திண்டுக்கல், விருதுநகர், தேனி, சிவகங்கை எல்லாவற்றிலிருந்தும் மதுரைக்கு இரவிலும் பஸ் உண்டு. மீட்டிங் நீண்டாலும் பதற வேண்டியதில்லை. நாள் செலவு போக, வர நூறு ரூபாயைச் சுற்றி நிற்கும். மாதம் 2,500-க்குள் முடித்துவிடலாம்.

பஸ்ஸில் நேரத்தைத் தின்பது நெடுஞ்சாலை இல்லை, மதுரைக்குள் இருக்கும் பகுதி. திண்டுக்கல், தேனி, உசிலம்பட்டி பஸ் ஆரப்பாளையத்தில். விருதுநகர், சிவகங்கை, மேலூர், நத்தம் எல்லாம் மாட்டுத்தாவணியில். திருநகரில் குடியிருப்பவர் விருதுநகர் போவதற்காக மாட்டுத்தாவணி வரை போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. அவர் நேராகத் திருமங்கலம் போய் ஏறுவதே லாபம். அதேபோல் திண்டுக்கல் போகிறவர்களுக்கு பாத்திமா காலேஜ் ஸ்டாப், தேனி போகிறவர்களுக்கு காளவாசல், சிவகங்கை போகிறவர்களுக்கு கருப்பாயூரணி. வழியில் ஏறினால் நேரம் மிச்சம், ஆனால் சீட் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சீட் கிடைக்கும், அரை மணி போகும். உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவது உங்களுக்கு முக்கியம் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கே போங்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற ஊர் இது, கொஞ்சம் கை நீளமும் வேண்டும்.

விருதுநகர் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் பைபாஸ் ரைடர். நாகர்கோவில், திருநெல்வேலி போர்டு போட்டு வரும் இந்த பஸ்கள் ஊருக்குள் நுழையாமல் நான்குவழிச் சாலையிலேயே ஓடும். நமக்கு வேண்டியது அதே வேகம்தான். ஆனால் நெடுந்தூர டிக்கெட் ஏறி முடிக்கும்வரை கண்டக்டர் நம்மைப் படியில் கால் வைக்க விடமாட்டார். “விருதுநகர் ஏறாத, பின்னாடி வண்டி வருது” என்பது காலையில் கேட்டே ஆக வேண்டிய வசனம். கலெக்டர் ஆபீஸ் போன்ற நெடுஞ்சாலையை ஒட்டிய இடத்தில் வேலை என்றால் மட்டும் இந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஊருக்குள் வேலை என்றால், வழக்கமான பஸ் பத்து நிமிடம் அதிகம் எடுத்தாலும் ஆட்டோ காசு மிச்சம்.

பெண்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. திருமங்கலம், வாடிப்பட்டி, திருப்புவனம், சோழவந்தான் வரை டவுன் பஸ் ஓடுகிறது. இந்த வட்டத்துக்குள், கப்பலூர் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் வேலை என்றால் போக்குவரத்துச் செலவே இல்லை. அதைத் தாண்டிய ஊருக்கு, பாதி தூரம் இலவச பஸ், மீதிக்கு வேறு பஸ் என்று மாறிப் போகிற யோசனை காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். தினமும் இரண்டு தடவை பஸ் மாறிப் பார்த்தால், மிச்சமாகிற காசு தூக்கத்தில் போய்விடும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் ஒரு வேடிக்கை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. உங்கள் ஆபீஸ் அடுத்த மாவட்டத்தில் இருந்தால் உங்களுக்கு விடுமுறை இல்லை. கோரிப்பாளையம் பக்கம் குடியிருப்பவர்கள் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வருவதே பாடு. ஒரு சி.எல்.-ஐ (தற்செயல் விடுப்பை) அதற்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

வேனும் காரும்

மதுரையிலிருந்து சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குப் போகிற ஆசிரியர்கள் வெகு காலமாகச் செய்வது இது: பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாத வாடகைக்கு வேன் பேசிக்கொள்வது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற கிராமத்தில் வேலை என்றால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பஸ்ஸில் போனால் உசிலம்பட்டியில் இறங்கி மினி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். வேன் பள்ளி வாசலில் இறக்கிவிடும்.

வேனில் சேர்வதற்கு முன் மூன்று விஷயத்தை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். லீவு போட்ட நாளுக்குப் பணம் உண்டா? (வழக்கமாக உண்டு.) மே மாதம் டிரைவருக்கு என்ன தருவது? (பாதி வாடகை என்பார்கள், பேரம் நடக்கும்.) ஒருவர் தாமதமானால் எத்தனை நிமிடம் நிற்பது? கடைசிக் கேள்விதான் குழுவை உடைக்கும். காளவாசலில் ஏழு பேர் உள்ளே உட்கார்ந்திருக்க, எட்டாவது ஆள் “இதோ தெருமுனைல வந்துட்டேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே தலை வாருவதை எத்தனை நாள் தாங்குவார்கள்? ஐந்து நிமிடம், அதற்கு மேல் வண்டி நகரும் என்று முதல் நாளே முடிவு செய்த வேன்கள் பல வருடம் ஓடுகின்றன. பொது மாறுதல் கலந்தாய்வு வந்தால் எப்படியும் பாதிப் பேர் மாறுவார்கள், அது வேறு.

ஆனால் மாலைக் கேள்வியில் வேன் தோற்றுவிடும். பள்ளி மாதிரி ஒரே நேரத்தில் மணி அடிக்கிற வேலைக்கு அது சரி. பேங்க், கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்றால் ஒருவருக்காக எல்லோரும் காத்திருப்பார்கள், அல்லது அந்த ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வருவார், வேனுக்கும் காசு கட்டுவார்.

சொந்தக் காரைத் தனியாக ஓட்டுவது கட்டுப்படியாகாது. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிடைத்தால் 8 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. 25 நாளுக்கு 20,000 ரூபாய்க்கு மேல். நாலு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஐயாயிரம் சொச்சம், அது பைக் செலவுக்குச் சமம். அப்புறம் டோல். திண்டுக்கல் வழியில் கொடை ரோடு, விருதுநகர் வழியில் கப்பலூர், அருப்புக்கோட்டை வழியில் எலியார்பத்தி, திருச்சி ரோட்டில் சிட்டம்பட்டி, மானாமதுரை வழியில் திருப்பாச்சேத்தி. பெரும்பாலான பக்கங்களில் ஒன்று காத்திருக்கும். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது, அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. தினம் போய்வருகிறவருக்கு 100 வேலை நாளில், அதாவது நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்படியும் தடவைக்குச் சுமார் 15 ரூபாய்தான் ஆகிறது, எடுத்துவிடுங்கள். டோலுக்கு 20 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் உள்ளூர்வாசிகளுக்கான மாதப் பாஸ் அதைவிட மலிவாக வருகிறதா என்றும் பாருங்கள்.

நண்பர்கள் பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொள்வது வேறு, வெள்ளை போர்டு வண்டியில் தெரியாதவர்களை ஏற்றிக் கட்டணம் வாங்குவது வேறு. பின்னது பர்மிட் இல்லாத வாடகை வண்டி. விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

பைக்

திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி வரை, அதாவது முப்பது கிலோமீட்டருக்குள், பைக் நல்லதுதான். டோல் இல்லை, நேரம் நம் கையில், மாலைக் கேள்விக்கும் பதில் உண்டு. அதற்கு மேல் போனால் நான் வேண்டாம் என்பேன். நூறு கிலோமீட்டருக்கு 2 லிட்டர், மாதம் ஐந்தாயிரம், பஸ்ஸைப் போல இரண்டு மடங்கு. அதைக்கூட விட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இருட்டிய பிறகு நான்குவழிச் சாலையில் லாரி தெளிக்கிற தண்ணீருக்கு நடுவே, எதிர்ப்பக்கமாக வருகிற மொபெட்டையும் சென்டர் மீடியனில் நிற்கிற மாட்டையும் தாண்டி தினமும் வர வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் சரி.

பைக்குக்குச் சரியான இடம் வீட்டிலிருந்து பஸ்ஸோ ரயிலோ ஏறுகிற இடம் வரை. ஜங்ஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஸ்டாண்டில் மாதக் கணக்குப் பேசிவிட்டால் தினம் டோக்கன் வாங்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு இறங்கினாலும் ஆட்டோவோடு பேரம் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எனக்குப் பிடித்த கலவை

திண்டுக்கல், விருதுநகர் ஆட்களுக்கு நான் சொல்வது: காலைக்கு ரயில், மாலைக்கு எது முதலில் வருகிறதோ அது. சீசன் டிக்கெட் அவ்வளவு மலிவு என்பதால், மாலையில் பாதி நாள் பஸ்ஸில் வந்தாலும் நஷ்டமில்லை. சீசன் எடுத்துவிட்டோமே என்று ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். தேனி என்றால் போடி ரயில், அதைத் தவறவிட்ட நாளுக்கு ஆரப்பாளையம். சிவகங்கைக்கு பஸ், வேறு யோசனையே வேண்டாம். கிராமத்துப் பள்ளி என்றால் வேன்.

வீட்டையே மாற்றுவது பற்றியும் கேட்பார்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மதுரையில் வேலை, பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிறது என்றால் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது. வாரம் நான்கு இரவு அங்கே ரூம் எடுத்துத் தங்குவது நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கும், தனியாக இருப்பவர்களுக்கும் ஒத்துவரும். இரண்டு பேர் சேர்ந்து ரூம் எடுத்தால் வாடகை பஸ் காசைவிடப் பெரிதாக அதிகமாகாது. ஆனால் சாப்பாட்டுச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, மெஸ் பில் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு பேருக்கும் மதுரையில் வேலை இல்லை, பிள்ளைகள் சின்ன வகுப்பு என்றால் மட்டும் தயங்காமல் குடிபெயரலாம். அதையும் முதல் மூன்று மாதம் போய்வந்து பார்த்த பிறகு செய்யுங்கள். ஆர்டர் மாறி வந்தவர்கள் உண்டு.

மதுரையில் ஒத்திக்கு (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து) இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே யோசிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு கிளம்பலாம். ஒத்திப் பணத்தை வீட்டுக்காரர் கையில் வைத்திருக்க மாட்டார்; அடுத்த ஒத்திக்காரர் வந்து கொடுத்தால்தான் நமக்குத் திருப்பித் தருவார். ஆகவே காலி செய்வதாக முடிவானால் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுங்கள், பணம் கைக்கு வருகிறவரை சீசன் டிக்கெட்டை மாதக் கணக்கில் மட்டும் புதுப்பியுங்கள்.